விரியும் பேரண்டத்தை வரைபடத்தாளில் வரையும் முறை

டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, தென்னாப்பிரிக்காவின் கார்னார்வன் அருகே 64 அலைவாங்கிகளுடன் நிற்கும் மீர்காட் வானொலித் தொலைநோக்கியைப் பற்றித் தெரியும். அதில் வந்து விழும் அலை எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் ஒரே ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். விரியும் பேரண்டத்தில் அக்கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. மூன்றையும் ஒரே காலவெளி வரைபடத்தில் காட்டிவிடலாம். வரைபடத்தாளும் பென்சிலும் போதும்.

கிடை அச்சில் நம்மிடமிருந்து உள்ள தொலைவையும், செங்குத்து அச்சில் பெருவெடிப்புக்குப் பின் கழிந்த காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் மேலே ஏறும் நேரத்தில் ஒளி ஒரு கட்டம் பக்கவாட்டில் செல்லும்படி அளவு இருக்கட்டும். "இன்று" என்பதை 27ஆம் கட்டத்தில் வையுங்கள். பொருள் மட்டுமே நிறைந்த எளிய பேரண்டத்தில் தொலைவுகள் காலத்தின் கனமூலத்தினுடைய வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கின்றன. 1, 8, 27 ஆகியவற்றின் கனமூலங்கள் முழு எண்களாக இருப்பதால் மனக்கணக்கிலேயே வேலை முடிந்துவிடும். இடப்பக்கச் செங்குத்துக் கோடுதான் நாம்.

முதலில் விண்மீன் திரள்களின் பாதைகள். காலத்தின் கனமூலத்தை வர்க்கப்படுத்தி 3ஆல் பெருக்கினால், காலம் 1, 8, 27 ஆக இருக்கையில் தொலைவு 3, 12, 27 என்று வரும். இப்புள்ளிகளை ஆதிப்புள்ளியோடு சேர்த்து வளைவாக இணையுங்கள். பெருக்கும் எண்ணை 1 என்றும் 6 என்றும் மாற்றினால் வேறு இரண்டு திரள்கள் கிடைக்கும். தாளுக்கு வெளியே போகும் கோட்டை விளிம்பிலேயே நிறுத்திவிடலாம். எல்லாக் கோடுகளும் ஆதிப்புள்ளியில் கூடுவதைக் கண்டு, பெருவெடிப்பு ஏதோ ஓர் இடத்தில் நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம்: எந்த இரு திரள்களுக்கு இடையிலும் தொலைவு அங்கே சுழியை நெருங்குகிறது என்பதற்கு மேல் படம் எதையும் சொல்லவில்லை.

அடுத்தது, இன்று நம்மை வந்தடையும் ஒளியின் பாதை. படத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. கனமூலத்தின் வர்க்கத்தை 3ஆல் பெருக்கி, அதை மீண்டும் 3இலிருந்து கனமூலத்தைக் கழித்த எண்ணால் பெருக்குங்கள். காலம் 1இல் தொலைவு 6; 8இல் 12; 27இல் 0. இடையே வளைவு சரியாக அமைய, 3.375இல் 10.1 என்றும் 15.625இல் 9.4 என்றும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் இக்கோடு பாடநூலில் ஒளியின் பாதைகளைக் காட்டும் ஒளிக்கூம்பைப் போலவே 45 பாகையில் இறங்குகிறது. கீழே போகப்போக உள்நோக்கி மடங்கி ஆதிப்புள்ளியில் சேர்ந்துவிடுகிறது. நம்மை நோக்கிப் புறப்பட்ட ஒளியே தொடக்கத்தில் நம்மைவிட்டு விலகிச் சென்றது என்பது இதன் பொருள்: இடைவெளி விரிந்த வேகத்துக்கு எதிராக அது எதிர்நீச்சல் போட்டு, காலம் 8இல்தான் ஈடுகொடுக்கத் தொடங்கியது.

வரைந்தது சரியா என்று பார்க்க, ஆதிப்புள்ளியிலிருந்து (தொலைவு 12, காலம் 8) புள்ளி வழியாக அளவுகோல் வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். விலகும் வேகம் ஒளியின் வேகத்துக்குச் சமமாகும் ஹபிள் எல்லை அதுவே. ஒளிப்பாதை மிக அகன்று இருக்கும் இடத்தில் அது வெட்ட வேண்டும். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பவை கண்ணுக்கே எட்டாதவை என்று பலர் எழுதுவது தவறு. 6ஆல் பெருக்கிய திரள் காலம் 1இல் ஒளியைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் விலகிக்கொண்டிருந்தது. ஆயினும் அதன் கோடு நம் ஒளிப்பாதையை வெட்டுகிறது, ஆகவே அதைக் காண்கிறோம். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் அண்டவியலாளர் ஜார்ஜ் எல்லிஸ், இயற்பியலாளர் டோனி ராத்மனுடன் சேர்ந்து 1993இல் இத்தகைய எல்லைகளைப் பற்றிக் கற்பிக்கும் நோக்கிலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

இப்போது 3ஆல் பெருக்கிய திரளின் கோடு ஒளிப்பாதையை வெட்டும் இடத்தைப் படியுங்கள். ஒளி புறப்பட்டபோது தொலைவு 12. ஒளி பயணம் செய்த காலம் 19. அத்திரள் இன்று இருக்கும் தொலைவு 27. தொடக்கத்தில் சொன்ன மூன்று விடைகள் இவையே. விரிவு 12இலிருந்து 27 ஆனதால், ஹைட்ரஜன் அணு வெளியிடும் 21 செ.மீ. நீள வானொலி அலை 2.25 மடங்கு நீண்டு, 1420 மெகாஹெர்ட்ஸிலிருந்து 631 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மீர்காட்டின் தாழ்அலைவரிசை வாங்கி கேட்கும் எல்லைக்குள் அது விழுகிறது.

இதே செய்தியை நேர்கோடுகளாகவும் வரையலாம். கிடை அச்சில் திரள்களின் இன்றைய தொலைவை மூன்றால் வகுத்துக் குறித்து, செங்குத்து அச்சில் காலத்துக்குப் பதிலாக அதன் கனமூலத்தின் 9 மடங்கை வையுங்கள். திரள்கள் செங்குத்தாக நிற்கும். ஒளி எங்கும் 45 பாகையிலேயே செல்லும். கணக்குக்கு இது வசதி, ஆனால் விரிவு கண்ணிலிருந்து மறைந்துவிடுவதால் தொடக்கநிலையாளருக்கு முதல் படமாக இதைக் காட்டுவதை நான் விரும்புவதில்லை.

உண்மைப் பேரண்டத்தில், விரிவை விரைவுபடுத்தும் இருள் ஆற்றலும் உண்டு. எக்செல்லில் காலத்தை நூறு கோடி ஆண்டுகளில் எழுதி, 11.6ஆல் வகுத்து, அதன் அதிபரவளைவுச் சைனை (எக்செல்லில் SINH) 2/3 அடுக்குக்கு உயர்த்தி, 0.766ஆல் பெருக்கினால் விரிவின் அளவு கிடைக்கும், இன்றைய காலமான 13.8இல் அது 1 ஆக வேண்டும். அங்கிருந்து 0.1 படியாகப் பின்னோக்கி வந்து, ஒவ்வொரு படியையும் அந்நேரத்து விரிவளவால் வகுத்துக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகையை அதே விரிவளவால் பெருக்கினால் ஒளிப்பாதையின் தொலைவு வரும். அது காலம் 4ஐ ஒட்டி ஏறத்தாழ 5.8 வரை, அதாவது 580 கோடி ஒளியாண்டு வரை அகன்றால் கணக்கு சரி. காலம் 1க்குக் கீழே விரிவளவு மிகச் சிறியதாகிவிடுவதால், அங்கே மட்டும் படியை 0.01 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.