எடை குறைக்கக் கந்தரப்பத்தை விட வேண்டுமா?

கந்தரப்பம், அரிசி மாவில் வெல்லம் சேர்த்து எண்ணெயில் பொரிக்கும் செட்டிநாட்டு இனிப்பு. அதை அடியோடு விட வேண்டியதில்லை. முதலில் காபியைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 முதல் 5 கிராம். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு மூன்று டம்ளர் என்றால் ஏறக்குறைய 100 கலோரி. கல்யாண வீட்டுப் பணியாரம் எப்போதோ வருவது, காபி தினமும். டம்ளருக்குப் போடுவதில் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள்தான் பத்தாம் நாள் அதிரச டப்பாவைத் திறக்கிறார்கள்.

கருப்பட்டிக்கோ வெல்லத்துக்கோ மாறுவதால் எடை குறையாது, கலோரி கிட்டத்தட்ட அதேதான்.

பலகாரத்தில் சர்க்கரையை மட்டும் பார்க்காதீர்கள். கிராமுக்குச் சர்க்கரை 4 கலோரி, எண்ணெயும் நெய்யும் 9. கந்தரப்ப மாவு நீர்த்துப் போனாலும், எண்ணெய் சரியாகக் காயாவிட்டாலும் எண்ணெய் குடிக்கும். உளுந்து மாவை நெய்யும் வெல்லமும் சேர்த்துக் கிளறும் கும்மாயத்தில் நெய்யைப் பாதியாக்கலாம், ஆனால் அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய ஏற்றது கவுனி அரிசி எனும் கறுப்பு அரிசியில் செய்யும் இனிப்பு. ஒரு கப் அரிசியை இரவே ஊறவைத்து, குழைய வேகவிட்டு, அதன் பிறகே கால் கப் சர்க்கரை சேருங்கள். முன்னாலேயே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். இனிப்பு குறைகிறதே என்று தேங்காயை அள்ளிப் போட்டால் கணக்கு சரியாகிவிடும், உங்களுக்கு எதிராக!

வாரம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னக் கிண்ணம். நாலு மணிப் பசியில் தொட்டால் ஒன்றோடு நிற்காது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.