அம்மா தானாக எழ ஒரு நாற்காலி

காட்பாடி வீட்டில் அம்மாவுக்கு முட்டிவலி. கடை நாற்காலிகள் பெரும்பாலும் 17, 18 அங்குல உயரம். எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும். நானே ஒன்று வரைந்தேன். இருக்கை 20 அங்குலம். கைப்பிடி இருக்கையைத் தாண்டி முன்னால் நீளும், அதை அழுத்தித்தான் எழ வேண்டும். முன்கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் கிடையாது. எழும்போது பாதத்தைப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டுமே!

"சட்டம் இல்லாட்டி கால் ஆடும்ணா" என்றார் ஆசாரி. பக்கச் சட்டங்களின் நடுவில் ஒன்றைக் கோத்தோம். ஆட்டம் நின்றது.

மரம் நன்றாகக் காய்ந்த வேம்பு. ஈர மரம் வேலூர் வெயிலில் சுருங்கி மூட்டு விட்டுவிடும். இருக்கைக்கு நாடா பின்னவில்லை, தொய்ந்தால் எழுவது சிரமம். இடைவெளி விட்ட பலகைகள்தான், காற்றும் போகும். கைப்பிடி முனையை அம்மாவே பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இழைப்பா" என்று வேலை வாங்கினார்.