யாழ்ப்பாணத்தில் குடியை விட நினைப்பவருக்கு: கூட்டம் தேடிப் போகும் வழி

ஆராவது கண்டுவிடுவார்களோ என்ற பயம்தான் எங்கள் ஊரில் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாகக் கூடித் தங்கள் கதையைச் சொல்லும் கூட்டங்கள் இருக்கின்றன. சுன்னாகத்தில் கடை வைத்திருக்கும் நானும் அந்தப் பயத்தோடுதான் முதல் கூட்டத்துக்குப் போனேன். இப்போது புதிதாக வருகிறவர்களை வாசலில் நின்று உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை; எங்கள் கூட்டங்களின் வழக்கம் அது.

ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர், அதிலும் விடியவே தொடங்குகிறவர் என்றால், கூட்டம் தேட முன்னர் டொக்டரிடம் போங்கள். கனகாலம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நித்திரை வராது. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். அடுத்தடுத்த நாட்களில் இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும், வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியாமல் தடுமாறுவார்கள். அது உயிர் போகக்கூடிய நிலை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தும் விற்றமின் பி1உம் தந்து பக்குவமாக நிறுத்த வைப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கட்டத் தேவையில்லை. வீட்டில் வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 'விசர் ஆஸ்பத்திரிக்கோ போகிறாய்?' என்று கேட்கிற சொந்தக்காரருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு நிற்கவேண்டாம். உயிர் உங்களுடையது.

அந்த மனநலப் பிரிவின் கிளினிக்கில்தான் கூட்டத்தைப் பற்றியும் முதலில் கேட்கவேண்டும். எந்தக் குழு இப்போது நடக்கிறது, எது நின்றுபோய்விட்டது என்று அங்குள்ள தாதிமாருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கும் தெரியும். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உளவளத்துணை செய்துவரும் சாந்திகத்திலும் விசாரிக்கலாம். போன் எடுப்பதுதான் சுகம் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இரவு பகலாக வேலை செய்யும். போதைப்பொருள், குடி சம்பந்தமாக 1927 இருக்கிறது. எடுத்தவுடனேயே 'தமிழில் கதைக்கவேண்டும்' என்று சொல்லிவிடுங்கள்.

குழுவின் தொடர்பு கிடைத்தால் நாலு விஷயம் கேளுங்கள். கூட்டம் தமிழில் நடக்கிறதா? குடிக்கிறவர் மட்டும் வரும் கூட்டமா, வீட்டு ஆட்களும் வரலாமா? எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு உங்கள் ஊருக்கு பஸ் இருக்கிறதா? எந்த கேற்றால் வரவேண்டும்? கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். பெரிய வளவுக்குள் வழி தெரியாமல் நின்று, ஆரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, அப்படியே திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் ஒருவர் வெளியே வந்து நிற்பார்.

உங்கள் ஊரிலேயே கூட்டம் இருந்தாலும் முதல் தடவை வேறு ஊருக்குப் போகலாம். நெல்லியடிக்காரர் ரவுணுக்கு வரட்டும், ரவுண்காரர் வடமராட்சிப் பக்கம் போகட்டும். வழக்கமாகத் தவறணைக்கோ பாருக்கோ கால் இழுக்கிற பின்னேர நேரத்தில் நடக்கிற கூட்டமாகப் பார்த்தால் இன்னும் நல்லது. ஒரு பின்னேரமாவது குடிக்காமல் கழியும்.

இடம் தேவாலய மண்டபமாக இருந்தால் சில சைவக் குடும்பங்கள் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். மதம் மாற்றுவார்களோ என்ற பயம். இந்தக் கூட்டங்களின் அமைப்பான ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. எந்தச் சமயத்தையும் கட்சியையும் சேர்ந்ததல்ல. மண்டபம் கிடைத்த இடத்தில் கூட்டம், அவ்வளவுதான். திருநீறு பூசிக்கொண்டே வாருங்கள். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம்.

உள்ளே என்ன நடக்கும்? கதிரைகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒரு கேத்தலில் இருக்கும். கை நடுங்குகிறவருக்குக் கோப்பையை அரைவாசிதான் நிரப்பிக் கொடுப்போம். 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கி ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே புகுந்து புத்தி சொல்வதில்லை. நீங்கள் வாய் திறக்காமலே இருந்துவிட்டுப் போகலாம். 'எந்த ஊர், ஆற்றை மகன்?' என்று எங்கள் ஆட்கள் பார்த்தவுடன் கேட்கும் கேள்வியை அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பெட்டி சுற்றி வரும். விரும்பினால் போடலாம், புதியவர் போடவே வேண்டாம். அங்கே கேட்டதை வெளியே கொண்டு போகக்கூடாது என்பதை மட்டும் எல்லோரும் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறோம்.

பக்கத்தில் ஒன்றும் அகப்படாவிட்டால் தமிழ்நாட்டுக் குழுக்கள் சூமில் தமிழிலேயே கூட்டம் நடத்துகின்றன. அவர்களுக்கும் எங்களுக்கும் மணிக்கூடு ஒன்றுதான், கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கமராவை நிறுத்திவைத்துக் கேட்கலாம்.

அக்கா, தங்கச்சிமாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் வீட்டில் குடிக்கிறவர் வரமாட்டேன் என்று நின்றால் நீங்கள் தனியாக வரலாம். குடிக்கிறவரின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற தனிக் குழுக்கள் இருக்கின்றன. கிட்ட எங்கே நடக்கிறது என்று அதே கிளினிக்கில் கேளுங்கள். அவர் வெறியில் அடிக்கிறார் என்றால் அதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு எடுப்பதுதான் அப்போது முதல் வேலை, கூட்டம் அதற்குப் பிறகு.