வோல்ட் வருது, பேட்டரி ஏறல: சோலார் செல்லையும் போட்டோடையோடையும் நீங்களே அளந்து பார்க்க

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் சித்தப்பாவின் பூண்டுத் தோட்டத்தைச் சுற்றி சோலார் வேலி இருக்கிறது. காட்டுமாடும் பன்றியும் இறங்கும் இடம். ஒரு ராத்திரி வேலி வேலை செய்யாவிட்டால் நாலு பாத்தி போய்விடும். போன வருடம் அந்த வேலியின் பேட்டரி ஏறவே இல்லை. வந்து பார்த்த மெக்கானிக் பேனல் வயரில் மீட்டரை வைத்தார், 20 வோல்ட் காட்டியது. "பேனல் நல்லாருக்கு, பேட்டரிதான் போச்சு" என்றார். புது பேட்டரி வாங்கிப் போட்டோம். அதுவும் ஏறவில்லை.

"வோல்ட்டுதான் வருதேப்பா, அப்புறம் ஏன் ஏறல?" என்று சித்தப்பா கேட்டார். அதற்குப் பதில் தேடும்போது நான் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மல்டிமீட்டரில் டிசி வோல்ட் அளக்கத் தெரிந்தால் போதும்.

தேவையானவை: 6 வோல்ட், 1 வாட் சின்ன சோலார் பேனல் ஒன்று, 1, 10, 22, 33, 39, 47, 100 ஓம் ரெசிஸ்டர்கள் (கரண்டை மட்டுப்படுத்தும் பாகம், ஓம் கூடினால் தடையும் கூடும்), பிபிடபிள்யூ34 என்ற போட்டோடையோடு (வெளிச்சத்தை அளக்க உதவும் குட்டிப் பாகம்) ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, கிளிப் வயர்கள். சின்ன ரெசிஸ்டர்களை 2 வாட் அளவில் கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் கால் வாட் ரெசிஸ்டர் இந்தப் பேனலுக்கே கை சுடும் அளவுக்குக் காய்ந்துவிடும்.

படி 1: எதையும் இணைக்காமல்

பேனலை வெயிலுக்கு நேராகச் சாய்த்து வைத்து, இரண்டு வயரிலும் வோல்ட்டேஜ் பாருங்கள். எனக்கு 7.1 வந்தது. பேனலுக்குள் 12 சிலிக்கான் செல்கள் தொடராக இருக்கின்றன, ஆளுக்கு 0.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. செல்லின் அளவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த 0.6 பெரிதாக மாறாது. இந்த நேரத்தில் பேனலிலிருந்து கரண்ட் எதுவும் வெளியே போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

படி 2: முழுக்கக் கரண்ட்

இப்போது பேனலின் இரண்டு வயருக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, அதன் மேல் மில்லிவோல்ட் அளவுங்கள். 1 ஓம் என்பதால் மில்லிவோல்ட் எத்தனையோ மில்லிஆம்ப் அத்தனை. மீட்டரைக் கரண்ட் நிலைக்குத் திருப்பவே வேண்டாம், ஃபியூஸ் போகும் பயமும் இல்லை. எனக்கு 175 மில்லிஆம்ப்.

இது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்தான். பேனல் தாங்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் பேட்டரியிடம் இதைச் செய்யவே கூடாது. வயர் உருகும், தீயும் பிடிக்கலாம்.

படி 3: நடுவில் என்ன நடக்கிறது

ஒவ்வொரு ரெசிஸ்டராக மாட்டி, வோல்ட்டேஜை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதை ஓமால் வகுத்தால் கரண்ட், இரண்டையும் பெருக்கினால் வாட். மேகம் வருவதற்குள் வேகமாக முடிக்க வேண்டும். என் நோட்டில் இருப்பது இது:

10 ஓம்: 1.75 வோல்ட், 175 மில்லிஆம்ப், 0.31 வாட்
22 ஓம்: 3.8 வோல்ட், 173 மில்லிஆம்ப், 0.66 வாட்
33 ஓம்: 5.5 வோல்ட், 167 மில்லிஆம்ப், 0.92 வாட்
39 ஓம்: 6.0 வோல்ட், 154 மில்லிஆம்ப், 0.92 வாட்
47 ஓம்: 6.3 வோல்ட், 134 மில்லிஆம்ப், 0.84 வாட்
100 ஓம்: 6.8 வோல்ட், 68 மில்லிஆம்ப், 0.46 வாட்

கட்டம் போட்ட தாளில் வோல்ட்டைக் கீழேயும் கரண்டைப் பக்கத்திலும் வைத்துப் புள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள். கோடு மேசை மாதிரி நேராகப் போய், 5.5 தாண்டியதும் சட்டென்று மடங்கிக் கீழே விழும். அந்த மடக்கில்தான் அதிக வாட் கிடைக்கிறது, இங்கே 33 ஓமுக்கும் 39 ஓமுக்கும் நடுவில். பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டை எடுக்கும் எம்பிபிடி சார்ஜர் என்று விற்கிறார்களே, அது நாள் முழுக்கத் தேடிப் பிடிப்பது இந்த மடக்கைத்தான்.

ஏன் மடங்குகிறது? எனக்குப் பிடித்த பகுதி இது. சோலார் செல் என்பது ஒரு டையோடு, அதாவது கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு மாதிரி. வெளிச்சம் அதற்குள் ஒரு கரண்டை உண்டாக்குகிறது. அந்த அளவு வெளிச்சத்தைப் பொறுத்தது, வோல்ட்டேஜைப் பொறுத்தது அல்ல. கோடு நேராகப் போவது அதனால்தான். ஆனால் செல்லின் முனைகளில் வோல்ட்டேஜ் ஏற ஏற, அந்த டையோடே திறந்துகொண்டு, உண்டான கரண்டில் ஒரு பங்கை உள்ளுக்குள்ளேயே திருப்பி விழுங்குகிறது. வெளியே வருவது மிச்சம்தான். விழுங்கும் அளவு, ஒரு செல்லுக்குச் சுமார் 18 மில்லிவோல்ட் கூடும்போதெல்லாம் இரண்டு மடங்காகிறது. முதலில் கண்ணுக்கே தெரியாத அளவு, அப்புறம் 1, 2, 4, 8, 16 என்று பெருகி, கடைசியில் மொத்தத்தையும் விழுங்கிவிடும். படி 1இல் பார்த்த 7.1 அந்த இடம்தான்.

படி 4: மேகம் இறங்கும்வரை காத்திருங்கள்

இந்தப் படியை மலையில் இருப்பவர்கள் சுலபமாகச் செய்யலாம். பூம்பாறை சுமார் 1900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தால், பத்து நிமிடத்தில் எதிர்ச் சரிவின் படிக்கட்டுத் தோட்டங்கள் மறைந்துவிடும். பேனலை நகர்த்தாமல் மறுபடி அளந்தேன். 1 ஓமில் 20 மில்லிஆம்ப், அதாவது 175 இருந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு. எதையும் இணைக்காமல் பார்த்த வோல்ட்டேஜோ 6.6. அரை வோல்ட்தான் குறைந்தது.

மேலே சொன்ன 18 மில்லிவோல்ட் கணக்கே இதற்கும் விடை. வெளிச்சம் பாதியானால் விழுங்கும் அளவும் பாதியானால் போதும். அதற்கு ஒரு செல்லுக்கு 18 மில்லிவோல்ட் இறங்கினால் சரியாகிவிடும். 12 செல்லுக்கும் சேர்த்து 0.2 வோல்ட் சொச்சம். மூன்று தடவை பாதியாக்கினாலும் 0.7ஐத் தாண்டாது. போதாததற்கு, குளிர்ந்த செல் வோல்ட்டேஜைக் கூட்டியும் காட்டும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். மூடுபனியில் பேனல் குளிர்ந்துவிடுகிறதே, அதனால் நம் ஊரில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம்.

இப்போது 39 ஓமை மாட்டினேன். 6.6 காட்டிய மீட்டர் 0.78க்கு இறங்கியது.

படி 5: போட்டோடையோடு

பிபிடபிள்யூ34இன் வெளிச்சம் வாங்கும் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர். அதுவும் சிலிக்கான் டையோடுதான், சோலார் செல்லின் தங்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு காலுக்கும் நடுவே 1 கிலோ ஓம் மாட்டி, ரெசிஸ்டர் மேல் வோல்ட்டேஜ் பார்த்தேன். வெயிலில் 0.45, மேகத்தில் 0.31. ஒன்பது மடங்கு வித்தியாசம் ஒன்றரை மடங்காகத் தெரிகிறது. வெயிலில் அது மடக்கைத் தாண்டிப் போய், கரண்டைத் தானே விழுங்கிக்கொண்டிருக்கிறது.

இதைத் தடுக்க டையோடைத் தலைகீழ் வோல்ட்டேஜில் வைக்க வேண்டும். முதலில் வெளிச்சத்தில் இரண்டு காலிலும் மீட்டரை வையுங்கள். பிளஸ் காட்டும் கால் ஆனோடு, மற்றது கேத்தோடு. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைக் கேத்தோடில் கொடுங்கள். ஆனோடிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக மைனஸுக்கு. ரெசிஸ்டர் மேல் அளந்தால் வெயிலில் 2.9 வோல்ட், மேகத்தில் 0.33. பேனலின் கரண்ட் சொன்ன அதே ஒன்பது மடங்கு! அந்த மேசைக் கோட்டை இடது பக்கம், சைபருக்கு அந்தப்புறமும் நீட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். அங்கே டையோடு திறக்க வழியே இல்லை. டையோடின் மேல் வெளிச்சம் படாமல் கையால் மூடினாலும் எடுத்தாலும் மீட்டர் 8 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் கால்களை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வேகமும் கூடும். தலைகீழாக 3 வோல்ட் கொடுத்தாலே இந்த டையோடின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அளவு) 70 பிக்கோஃபாரடிலிருந்து 25 வாக்கில் இறங்கிவிடுகிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் அது மின்சாரம் தராது, பேட்டரியிடம் வாங்கும். மின்சாரம் வேண்டுமென்றால் வலது பக்கம், வெளிச்சத்தை அளக்க வேண்டுமென்றால் இடது பக்கம்.

சரி, சித்தப்பாவின் பேனலுக்கு வருவோம். 12 வோல்ட், 40 வாட் பேனல். வண்டி இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை அதில் மாட்டினேன். பளிச்சென்ற காலை வெயில், மேகமே இல்லை. மீட்டர் 20லிருந்து 3க்கு விழுந்தது, பல்பின் இழை லேசாகச் சிவந்ததோடு சரி. வெளிச்சக் குறைவு இல்லை, அதனால் வழியில்தான் எங்கோ அடைப்பு என்று பேனலின் பின்பக்க டப்பாவைத் திறந்தோம். ஈரம் இறங்கி பிளஸ் டெர்மினல் பச்சை பூத்திருந்தது, சால்டர் விட்டிருந்தது. கரண்ட் போகாதவரை அந்த இணைப்பில் வோல்ட்டேஜ் இழப்பே இல்லை. மெக்கானிக் மீட்டருக்கு 20 தெரிந்தது அப்படித்தான்.

உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி சால்டர் வைத்து, டப்பா ஓரத்தில் சிலிக்கான் பசை பூசினோம். பல்பை மாட்டியதும் கண் கூசியது. பழைய பேட்டரி இப்போது வீட்டில் இரண்டு எல்இடி விளக்கு எரிக்கிறது.