வாய்தா மேல் வாய்தா போகிறதா? புலம்பலைக் கேஸ் கட்டில் ஏற்றுங்கள்

சிவில் வழக்கில் எதிர்த்தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டே போனால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான், கோர்ட் வராந்தாவில் வக்கீலிடம் புலம்புவது. அந்தப் புலம்பல் கேஸ் கட்டில் எங்கேயும் இருக்காது. நாளைக்கு உயர் நீதிமன்றம் போய் நின்றால் "கீழ்க் கோர்ட்டில் எப்போது ஆட்சேபித்தீர்கள்?" என்ற முதல் கேள்விக்கே காட்ட ஒரு தாள் இருக்காது.

அதனால் முதலில் கணக்கு எடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் தேதிகள் வரும், ஒவ்வொன்றுக்கும் யார் வாய்தா கேட்டது, என்ன காரணம் சொன்னது, செலவுத்தொகை விதித்தார்களா என்று எழுதிவையுங்கள். நீதிபதி விடுப்பு, நம் வக்கீலே வாங்கிய வாய்தா, இதையெல்லாம் எதிராளி தலையில் கட்டாதீர்கள், அவர் வக்கீலும் அதே பட்டியலைத்தான் பார்ப்பார்.

அப்புறம் கையில் எடுக்க வேண்டியது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17, விதி 1. விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா இல்லை, கொடுத்தால் காரணத்தை எழுத வேண்டும், வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமே ஆகாது. இந்த மூன்று என்ற எண்ணிக்கை கல்லில் பொறித்தது என்று நினைக்க வேண்டாம். கட்சிக்காரர் கைமீறிய நிலைமை என்றால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல், சேலம் வக்கீல்கள் சங்க வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே "மூன்று முடிந்தது" என்று மட்டும் வாதாடாமல், இந்தத் தடவை சொல்லும் காரணம் ஏன் கைமீறியது இல்லை என்பதை இரண்டு பத்தியில் ஆட்சேப மெமோவாகக் கொடுங்கள்.

கூடவே அதே சட்டத்தின் 35பி பிரிவு. சும்மா "காஸ்ட் (செலவுத்தொகை) போடுங்கள்" என்று கேட்காமல் பிரிவைச் சொல்லியே கேளுங்கள், ஏனென்றால் அதன்படி விதித்த தொகையை அடுத்த தேதியில் கட்டாவிட்டால் அந்தத் தரப்பு வழக்கையோ எதிர்வாதத்தையோ மேற்கொண்டு நடத்த முடியாது. நிறையப் பேர் மறந்துபோகும் பிரிவு இது.

தேதியே தூரமாக விழுந்துவிட்டதா? முன்கூட்டி விசாரிக்கக் கோரி மனு போடலாம். அவசரம் என்ற ஒரு சொல் போதாது. சாட்சிக்கு எண்பது வயது, உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றோடு கட்டளை 18, விதி 16-ன் கீழ் அவரை மட்டும் உடனே விசாரிக்கக் கேளுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றம். வாய்தா உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, 2002 திருத்தத்துக்குப் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 115-வது பிரிவு சீராய்வும் எட்டாது, மிஞ்சுவது கீழ்க் கோர்ட்டுகளை உயர் நீதிமன்றம் மேற்பார்வையிடும் அதிகாரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 227-வது பிரிவு. முன்பெல்லாம் "ஆறு மாதத்தில் முடிக்க" என்று உத்தரவு வாங்கி வருவது சகஜம். 2024-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கெடு விதிப்பது அசாதாரண வழக்குகளுக்கு மட்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கு ஏன் அசாதாரணம் என்று காட்டத்தான் அந்தத் தேதிப் பட்டியலும் ஆட்சேப மெமோக்களும். வாய்தா உத்தரவுகளின் சான்றிட்ட நகலுக்கு அன்றன்றைக்கே மனு போட்டுவிடுங்கள், மொத்தமாகக் கேட்டால் அதற்கே தனி வாய்தா ஆகும்.