ப்ராஸ்பெக்டைக் கொடுத்து பிட்சரை வாங்கலாமா? பேஸ்பால் டிரேடை எடைபோடப் பழகுவோம்

ஜூலை மாதக் கடைசியில் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் கைப்பேசியைக் கீழே வைக்க மாட்டார்கள். மேஜர் லீக் (அங்கே உச்ச பேஸ்பால் லீக்) அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும், அதாவது டிரேட் செய்யும் கெடு அந்தச் சமயத்தில்தான் முடிகிறது. கோப்பைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட அணி, தேர்ந்த பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவரைத் தேடும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி தன்னிடம் இருப்பவரைக் கொடுத்துவிட்டு, பலரும் பெயர்கூடக் கேள்விப்படாத இரண்டு மூன்று பையன்களைக் கேட்கும். அந்தப் பையன்கள்தான் ப்ராஸ்பெக்ட். செய்தி வந்த மறு நிமிடம் ரசிகர்கள் இரண்டு கட்சி. "எதிர்காலத்தையே வித்துட்டாங்க" என்று ஒன்று, "கப் வந்தா வேண்டாம்னு சொல்லுவியா?" என்று இன்னொன்று.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் புதிதாக இருக்கும். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்குக் கீழும் மைனர் லீக்கில் நான்கு அணிகள் உண்டு. சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிப்படியாக ஏறும். 30 அணிகளுக்கு 4 வீதம் 120 அணிகள். இவற்றுக்கும் கீழே புதுப் பையன்களுக்கான பயிற்சி லீக்குகள் தனி. ரஞ்சி அணிகள் சுதந்திரமானவை, இவை அப்படி அல்ல. கீழே ஆடும் பையன் மேலே இருக்கும் அணியின் சொத்து, அவனைப் பணம்போலச் செலவழிக்கலாம்.

நான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய காலத்தில், யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவேன். அப்புறம் ஒரு தாளை வைத்து எழுதிப் பார்க்கப் பழகினேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டு, டெட்ராய்ட் ரசிகர்களின் ஆறாத புண்ணான ஜான் ஸ்மோல்ட்ஸ் டிரேட்.

படி 1: தேதியை எழுதி அடிக்கோடு போடுங்கள்

ஆகஸ்ட் 12, 1987. டெட்ராய்ட் டைகர்ஸ் டாய்ல் அலெக்சாண்டர் என்ற பிட்சரை வாங்கியது. அட்லான்டா பிரேவ்ஸ் பதிலுக்கு ஸ்மோல்ட்ஸ் என்ற இளம் பிட்சரைப் பெற்றது. (ஆகஸ்டிலா என்று கேட்பீர்கள். ஜூலைக் கெடு தாண்டியும் மாற்றிக்கொள்ள அப்போது ஒரு பின்வாசல் இருந்தது. அதை 2019இல் அடைத்துவிட்டார்கள்.)

அடிக்கோடு எதற்கென்றால், அந்த நாளுக்குப் பின் நடந்த எதையும் இப்போதைக்கு இந்தத் தாளில் எழுதக் கூடாது. ஸ்மோல்ட்ஸ் 2015இல் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் மேதைகளுக்கான கௌரவ மண்டபம்) நுழைந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். டைகர்ஸ் அலுவலகத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. வாக்குவாதங்களில் பாதி இந்த ஒரு கோட்டைத் தாண்டுவதால்தான் திசை மாறுகிறது.

படி 2: வயதையும் படிநிலையையும் சேர்த்துப் படியுங்கள்

ஸ்மோல்ட்ஸுக்கு அன்று வயது 20. ஆடிக்கொண்டிருந்தது நியூயார்க் மாநிலத்து கிளென்ஸ் ஃபால்ஸில், டபுள்-ஏ. அங்கே அவர் கணக்கில் 4 வெற்றி, 10 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.68. ஈ.ஆர்.ஏ. என்பது பிட்சர் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன், சக வீரர்களின் பிழையால் போனதைக் கழித்தது. குறையக் குறைய நல்லது. 5.68 மோசம்.

அவசரப்படாதீர்கள். டபுள்-ஏயில் 20 வயது என்பது சின்ன வயது. ஒன்பதாம் வகுப்புப் பையன் பிளஸ் டூ கணக்குத் தேர்வு எழுதி 40 வாங்குவதுபோல. மாறாக 25 வயதுக்காரர் அதே டபுள்-ஏயில் ஜொலித்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மேலே ஏற வேண்டிய வயதில் கீழே இருப்பவர்களை அடித்துக்கொண்டிருக்கிறார். வளைபந்தைக் கட்டுப்பாட்டோடு வீசும் பிட்சர்களைப் பையன்கள் முதலில் ஒழுங்காகச் சந்திப்பது இந்தப் படியில்தான். நேர்வேகத்தை மட்டும் அடித்துப் பேர் வாங்கிய மட்டையாளர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

படி 3: எண் எந்த மைதானத்தில் வந்தது?

இது சின்னப் படி. டிரிபிள்-ஏயில் அல்புகர்க்கி, ரீனோ போன்ற ஊர்கள் மிக உயரத்தில் இருப்பவை. காற்று மெலிந்திருப்பதால் பந்து பறக்கும், சிக்ஸர்போன்ற ஹோம் ரன் கணக்கு வீங்கும். அங்கே அடித்த 25ஐயும் கடலோர ஊரில் அடித்த 25ஐயும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தேர்வாளர்கள் தரும் மதிப்பெண்ணையும் பாருங்கள். 20 முதல் 80 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. மட்டையாளருக்குப் பந்தைத் தொடும் திறன், பலம், ஓட்டம், ஃபீல்டிங், கைவீச்சு என்று ஐந்தையும் தனித்தனியே போடுவார்கள். ஓட்டம் 70, தொடும் திறன் 35 என்று வந்தால் வேகம் கண்ணைப் பறிக்கும், ஆனால் பேஸுக்கே (ஓடிச் சேர வேண்டிய முனை) வராதவர் எங்கே ஓடுவது?

படி 4: எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம்?

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். மேஜர் லீக்குக்கு வந்த வீரர் ஆறு ஆண்டு சேவை முடித்தால்தான் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம். பொதுவாக முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே போகும். 2025இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகள் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பு வழியே ஏறும். ஆகவே ப்ராஸ்பெக்டைக் கொடுக்கும் அணி, அவன் தேறினால் கிடைக்கக்கூடிய ஆறு மலிவான ஆண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறது. எதிர்த் தட்டில், வாங்கும் வீரருக்கு ஒப்பந்தம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இரண்டு மாதமா, இரண்டரை ஆண்டா? விலை மலைக்கும் மடுவுக்குமாக மாறும்.

படி 5: வாங்கும் அணி கோப்பைக்கு எவ்வளவு பக்கத்தில்?

1987இல் டைகர்ஸ் டொரான்டோவோடு கிழக்குப் பிரிவுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அன்றைய முறையில் பிரிவில் முதலிடம் வந்தால்தான் பிளேஆஃப், இரண்டாமிடத்துக்கு ஒன்றுமில்லை. பட்டத்தை ஒரே ஒரு வெற்றி தீர்மானிக்கும் நிலையில், நம்பகமான ஒரு பிட்சரின் மதிப்பு எகிறிவிடுகிறது. கடைசி இடத்தில் கிடக்கும் அணி 36 வயது அலெக்சாண்டரை வாங்கியிருந்தால் சிரித்திருப்போம்.

சரி, இப்போது கோட்டுக்குக் கீழே எழுதலாம். அலெக்சாண்டர் 11 ஆட்டங்களைத் தொடங்கினார். அந்த 11லும் டைகர்ஸ் வென்றது. அவர் கணக்கில் 9 வெற்றி (மற்ற இரண்டும் அவருக்குப் பின்னால் வந்து வீசியவர்கள் கணக்கில்), தோல்வியே இல்லை, ஈ.ஆர்.ஏ. 1.53. கடைசி வாரத்தில் மூன்றரை ஆட்டம் முன்னே இருந்த டொரான்டோ ஏழையும் தொடர்ந்து தோற்க, டைகர்ஸ் இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் பிரிவை வென்றது. டொரான்டோவோடு மோதிய கடைசி மூன்று ஆட்டங்களில் முதலாவதை வென்று தந்தவரும் அலெக்சாண்டர்தான். ஆனால் அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் அவர் இரண்டு ஆட்டமும் தோற்றார், டைகர்ஸ் வெளியேறியது. 1989இல் 6 வெற்றி, 18 தோல்வியோடு அவர் ஆட்டக்காலம் முடிந்தது. அந்தப் பக்கம் ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றியும் 154 சேவும் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துத் தருவது) எடுத்தார். டைகர்ஸ் மறுபடி பிளேஆஃப் பார்த்தது 2006இல். இதில் இன்னொரு வலியும் உண்டு. ஸ்மோல்ட்ஸ் மிச்சிகனில் வளர்ந்து, டைகர்ஸ் ரசிகராகவே இருந்த பையன்.

படி 6: பையனுக்கு மேலே இடம் இருக்கிறதா?

இதற்கு வேறொரு டிரேட். ஆகஸ்ட் 30, 1990. பாஸ்டன் ரெட் சாக்ஸ், ஜெஃப் பாக்வெல் என்ற 22 வயது மட்டையாளரை ஹூஸ்டனுக்குக் கொடுத்து லாரி ஆண்டர்சன் என்ற 37 வயது ரிலீஃப் பிட்சரை (தொடங்கியவருக்குப் பதிலாக நடுவில் வந்து வீசுபவர்) வாங்கியது. பாக்வெல் டபுள்-ஏ நியூ பிரிட்டனில் 0.333 சராசரியில் (மூன்று வாய்ப்புக்கு ஒரு ஹிட்) அடித்துக்கொண்டிருந்தார், ஹோம் ரன் நான்குதான். பாஸ்டன் தரப்பு வாதம் எளிது: பாக்வெல் ஃபீல்டிங்கில் நிற்பது மூன்றாம் பேஸில், அங்கே மேலே வேட் பாக்ஸ் என்ற மலை நிற்கிறது, பையனுக்கு வழி கிடையாது.

இந்த "வழி கிடையாது" வாதத்தை நான் எப்போதும் இரண்டு முறை தட்டிப் பார்ப்பேன். நன்றாக அடிக்கிறவரை வேறு இடத்துக்கு நகர்த்த முடியும். ஹூஸ்டனிலும் மூன்றாம் பேஸில் கென் கமினிட்டி இருந்தார். என்ன செய்தார்கள்? பாக்வெலை முதல் பேஸுக்கு மாற்றினார்கள். 1991இல் சிறந்த புதுமுகம், 1994இல் எம்விபி (ஆண்டின் மிகச் சிறந்த வீரர்), கடைசியில் 449 ஹோம் ரன், 2017இல் ஹால் ஆஃப் ஃபேம். ஆண்டர்சன் பாஸ்டனுக்காக நன்றாகத்தான் வீசினார், ஈ.ஆர்.ஏ. 1.23. ஆனால் மொத்தம் 22 இன்னிங்ஸ். பாஸ்டன் பிரிவை வென்றது, அடுத்த சுற்றில் ஓக்லாந்திடம் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது, சீசன் முடிந்ததும் ஆண்டர்சனும் போய்விட்டார்.

பாக்வெல் பின்னால் என்ன ஆனார் என்பதை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்த டிரேட் எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்துக்கு ஓரிரு இன்னிங்ஸ் வீசும் ஒருவருக்கு, ஒரு மாத வேலைக்கு, டபுள்-ஏயை அடித்து நொறுக்கும் மட்டையாளர் என்பது அன்றைய தேதியிலேயே அதிக விலை. ஸ்மோல்ட்ஸ் விஷயம் வேறு. தாளில் கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும் படித்தால் டைகர்ஸ் செய்ததை நானும் செய்திருப்பேன். டெட்ராய்ட்காரர் முன்னால் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

படி 7: தீர்ப்பை இரண்டாகப் பிரியுங்கள்

தாளின் அடியில் இரண்டு வரி. முதல் வரி: அன்று எடுத்த முடிவு சரியா? இரண்டாவது: விளைவு நன்றாக அமைந்ததா? ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று வருவது சகஜம்.

இரண்டும் ஆம் என்று வரும் சுவையான கேஸ், ஜூலை 25, 2016. சிகாகோ கப்ஸ், அரோல்டிஸ் சாப்மேன் என்ற பிட்சருக்காக 19 வயது கிளேபர் டோரஸையும் இன்னும் மூவரையும் யாங்கீஸுக்குக் கொடுத்தது. டோரஸ் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), கப்ஸிடம் அதே இடத்துக்கு அடிசன் ரஸலும் ஹாவியர் பாயஸும் இருந்தார்கள். உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் சாப்மேன் எதிரணி மட்டையாளர் ராஜாய் டேவிஸிடம் ஹோம் ரன் கொடுத்து ஆட்டத்தைச் சமனாக்கிவிட்டார், சிகாகோவே மூச்சை நிறுத்தியது. பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று கப்ஸ் வென்றது. 1908க்குப் பிறகு முதல் கோப்பை. டிசம்பரில் சாப்மேன் யாங்கீஸுக்கே திரும்பினார், டோரஸ் அங்கே 2018, 2019 இரண்டிலும் ஆல்-ஸ்டார் ஆனார். யாங்கீஸுக்கு இரண்டு மாங்காய். இருந்தாலும் 108 வருடம் காத்திருந்தவரிடம் போய் டோரஸைப் பற்றிப் புலம்பிப் பாருங்கள்.

இப்போது நீங்கள்

ஜூன் 4, 2016. சிகாகோ ஒயிட் சாக்ஸ் சீசனை அபாரமாகத் தொடங்கி, மே மாதத்தில் சறுக்கியிருந்தது. சான் டியேகோவிடமிருந்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற பிட்சரை வாங்கினார்கள். வயது 34, ஒப்பந்தம் 2018 வரை. சில நாள் முன்புதான் சியாட்டிலில் மூன்று இன்னிங்ஸ்கூடத் தாங்காமல் 10 ரன் கொடுத்திருந்தார். பதிலுக்குப் போனவர்கள் எரிக் ஜான்சன் என்ற பிட்சரும், மைனர் லீக்கில் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத 17 வயது டொமினிக்கன் பையன் ஒருவனும். அவன் அப்பா ஒரே இன்னிங்ஸில் இரண்டு கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கையில் அடிக்கும் ஹோம் ரன்) அடித்தவர். பையன் பெயர் ஃபெர்னாண்டோ டட்டீஸ் ஜூனியர்.

பெயரைப் படித்ததும் தீர்ப்பு நாக்கு நுனிக்கு வந்திருக்கும். தாளை எடுத்து, தேதியை எழுதி, அடிக்கோடு போட்டு, முதல் படியிலிருந்து வாருங்கள்.