உலோகவியல் பொறியாளரின் சம்பளத்தைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் உலோகவியல் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் கேட்கும் கேள்வி, இந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்பதுதான். இதற்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்வது அவர்களுக்கு உதவாது. ஒரே வகுப்பில் படித்த மூவரில் ஒருவர் கோவையை அடுத்த அரசூரில் உள்ள பவுண்டரிக்கும் (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை), ஒருவர் பொதுத்துறை எஃகு ஆலைக்கும், ஒருவர் விண்வெளி ஆய்வு மையத்துக்கும் போகலாம். மூவரின் வருமானமும் வெவ்வேறு முறையில் அமைந்திருக்கும். ஆகவே, கைக்கு வந்திருக்கும் வேலைக்கு உண்மையான மதிப்பு என்ன என்று தாமே கணக்கிடக் கற்றுக்கொள்வதே நல்லது.

முதலில் இணையத்தில் கிடைக்கும் எண்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2023 மே மாதக் கணக்கில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியர்களின் (உலோகம் உள்ளிட்ட பொருட்களைக் கையாளும் பொறியாளர்களின்) இடைநிலை ஆண்டு ஊதியத்தை 1,04,100 டாலர் என்று காட்டுகிறது. அதாவது, அந்நாட்டில் இந்த வேலையில் இருப்போரில் பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பதாலும், அங்குள்ள வாடகை, மருத்துவம், வரி எல்லாம் வேறு என்பதாலும், அதை ரூபாயாக மாற்றிக் கோவையின் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ கிடைக்கும் முதல் வேலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

நியமனக் கடிதத்தில் எழுதப்படும் ஆண்டுத் தொகை நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவே தவிர, உங்கள் கைக்கு வரும் பணமன்று. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் என்று கடிதம் சொல்கிறது; அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 17,500 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும், அடிப்படைச் சம்பளத்தின் 12 விழுக்காடு ஆண்டுக்கு 25,200 ரூபாய். பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) அதே அடிப்படையில் ஒதுக்கப்படும் 4.81 விழுக்காடு 10,101 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுக்கு 6,000 ரூபாயும், ஆண்டு இறுதி ஊக்கத்தொகைக்கு 36,000 ரூபாயும் சேர்க்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இவை அனைத்தையும் கழித்தால் மாதத்துக்கு 28,558 ரூபாய் நிற்கும். அதிலிருந்து உங்கள் பங்கான வைப்பு நிதி 2,100 ரூபாயும், அரையாண்டுக்கு 1,250 ரூபாய் தொழில்வரி என்ற கணக்கில் மாதம் 208 ரூபாயும் போனால், கையில் வருவது 26,250 ரூபாய். 35,000 ரூபாய் வரும் என்று எண்ணி வீட்டில் கடன் தவணைக்கு ஒப்புக்கொண்டவர்கள் முதல் மாதமே தடுமாறுவது இதனால்தான். வைப்பு நிதி பின்னாளில் உங்களுக்கே வந்து சேரும். ஆனால் நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் கிடைக்கும், ஊக்கத்தொகையோ நிறுவனத்தின் அந்த ஆண்டு நிலையைப் பொறுத்தது. வருமான வரியைப் பற்றி இந்த அளவில் கவலைப்பட வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12,75,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரி இல்லை.

அடுத்து நேரத்தைக் கணக்கில் கொண்டுவர வேண்டும். காலை, மாலை உச்ச நேரங்களில் உயர் அழுத்த மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம் என்பதால் பல பவுண்டரிகளில் உலோகத்தை மின்சாரத்தால் உருக்கும் இண்டக்‌ஷன் உலை இரவில்தான் முழு வேகத்தில் ஓடும். உலோகவியல் படித்தவர் அப்போது அங்கே இருக்க வேண்டும். மேற்சொன்ன 26,250 ரூபாயை மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 126 ரூபாய். அதே நாட்கள் 12 மணி நேரம் நின்றால் 84 ரூபாய். ஷிப்ட் எத்தனை மணி, கூடுதல் நேரத்துக்கு ஈடு உண்டா, இரவு வேலைக்குப் பேருந்தும் சாப்பாடும் உண்டா என்று நேர்காணலிலேயே மரியாதையாகக் கேளுங்கள். புனேயிலோ ஓசூரிலோ சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் வேலையை வீட்டிலிருந்தே போய்வரும் கோவை வேலையோடு ஒப்பிடும்போது, வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அரசுப் பக்கம் கணக்கு எளிது, ஏனெனில் ஊதிய விகிதம் அறிவிப்பிலேயே இருக்கும். இஸ்ரோவில் விஞ்ஞானி/பொறியாளர் ‘எஸ்.சி.’ என்ற பணிநிலைக்கும், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் விஞ்ஞானி பி பணிக்கும் ஏழாவது ஊதியக் குழுவின் 10-ஆம் நிலைப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. சேலம் உருக்காலை, பொதுத்துறை எஃகு நிறுவனமான செயிலைச் சேர்ந்தது; அந்நிறுவனத்தின் மேலாண்மைப் பயிற்சியாளர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் அடிப்படை 50,000 ரூபாய். ஆனால் தேர்வானவர் பிலாய், ரூர்கேலா, பொகாரோ என எங்கும் அனுப்பப்படலாம். சொந்த ஊரிலேயே இருக்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம்.

தனியார் துறையில் ஊதியம் உயர்வது எப்படி என்பதே இதில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. கொங்குப் பகுதியின் வார்ப்படத் தொழில் பம்பு, மோட்டார், வால்வு, நெசவு இயந்திரம், வாகன உதிரிபாகம் ஆகியவற்றை நம்பி நிற்கிறது; முதலாளிகள் பலர் தாங்களே உலைப்பக்கம் நின்று பழகியவர்கள். அவர்களிடம் பட்டத்தைக் காட்டிலும், குறையுள்ளதென்று ஒதுக்கப்படும் வார்ப்புகளின் ரிஜெக்‌ஷன் கணக்குத்தான் பேசும். மாதம் 200 டன் வார்க்கும் பவுண்டரியில் ரிஜெக்‌ஷன் 7 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தால் 4 டன் மிஞ்சுகிறது. ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் மின்சாரம் என்றால், உருக்கும் செலவில் மட்டும் 2,400 யூனிட் வீணாகாமல் நிற்கிறது; மணல் அச்சு, கூலி, மெஷினிங் (வார்ப்பைக் கடைந்து சீராக்குதல்) ஆகியவை அதற்கு மேல். துளை விழுந்த வார்ப்பு மெஷினிங் முடிந்த பிறகு கண்டறியப்பட்டால் இழப்பு பல மடங்கு. எனவே சேர்ந்த நாள் முதல் நீங்கள் பொறுப்பேற்ற வார்ப்புகளின் ரிஜெக்‌ஷன் அளவையும், எந்த மாற்றத்தால் அது குறைந்தது என்பதையும் மாதவாரியாகக் குறித்து வையுங்கள். மக்னீசியம் சேர்த்த எஸ்.ஜி. இரும்பை (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு வகை) எவ்வளவு நேரத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தியதுகூடக் குறிக்கத்தக்கது. ஊதிய உயர்வு பேசும்போது, “அண்ணா, பார்த்துச் செய்யுங்க” என்பதைவிட அந்தத் தாள் வலுவாகப் பேசும்.

பொருளைச் சிதைக்காமல் குறையைக் கண்டறியும் என்.டி.டி. சோதனைகளில் இரண்டாம் நிலைச் சான்றிதழ், வார்ப்பைக் கணினியில் முன்கூட்டியே செய்து பார்க்கும் சிமுலேஷன் மென்பொருளில் பழக்கம், வாகனத் துறைக்குரிய தர மேலாண்மை நெறியான ஐ.ஏ.டி.எஃப். 16949-இல் உள்தணிக்கையாளர் பயிற்சி ஆகியவையும் பயன் தருபவை. இவற்றுக்கு நிறுவனமே பணம் கட்டுமா என்று கேளுங்கள்; கட்டுமானால் அதையும் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடலாம். ஆனால் அதற்கு ஈடாக எத்தனை ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் பெற்று, வீட்டில் விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் அசலை எக்காரணம் கொண்டும் ஒப்படைக்க வேண்டாம். சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.